கட்டைவிரலில் மை

நடு முதுகில் ஆணி இறக்கின மாதிரி வலி. காலையிலிருந்து சிமெண்ட் மூட்டை சுமந்தவன், அரைகுறையாய்க் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, மச்சான் இரவல் கொடுத்த புத்தகத்தை மடியில் வைத்தான். அவன் உயிராய் நினைக்கிற கவிஞர், பேர் வாங்குவதற்கு முன் போட்ட மூன்று கவிதைப் புத்தகங்களில் முதலாவது. முதல் பதிப்பு, கையெழுத்தோடு. மற்ற இரண்டையும் பழைய பேப்பர் கடைகளில் நாயாய் அலைந்து அவனே பிடித்துவிட்டான். இது மட்டும் மச்சானிடம். லாரி ஓட்டுகிற மனுஷன். ஒருமுறை பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற கவிஞரை ஏற்றிக்கொண்டு போனபோது, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அந்தக் கவிஞரும் இப்போது உயிரோடில்லை. யாருக்கும் தராததை மச்சான் இவனுக்குத் தந்தான். "உன் கையில குடுத்தா பீரோல வச்ச மாதிரி மாப்ள."

சிமெண்ட் தின்ற விரல்களுக்குத் தாள் பிடிபடாது. நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவான். புரட்டினான். கையெழுத்தைக் கண்டதும் மனசு பொங்கி, அதே கட்டைவிரலால் ஒரு தடவு தடவினான். பேனா மை. பெயர் நீலமாய் இளகிப் பரவிப் போனது. முதுகு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று வந்த மனைவியிடம் காட்டினான்.

"புத்தகத்த வாங்க அண்ணன் இப்ப வந்துரும். சொல்லிடுங்க. வையும், வேறென்ன."

வசவென்றால் தாங்கிக்கொள்வான். மச்சான் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றால்? எழுந்து புத்தகத்தைப் பழைய பேப்பரில் சுற்றினான்.

வாசலில் ஹாரன். மச்சான் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, மென்னு முழுங்கிட்டியா, எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கியா?"

மனைவி இவனைப் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பாமல் பேப்பரில் சுற்றிய புத்தகத்தை நீட்டினான். மச்சான் பிரிக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"டீ குடிச்சிட்டுப் போண்ணே."

"லோடு நிக்குதும்மா. வழியில டீக்கு நிறுத்துவேன்ல, அப்ப அந்தக் கையெழுத்த ஒரு பார்வை பாத்துக்குவேன். தூக்கம் கலைஞ்சிரும்."

லாரி திருப்பத்தில் மறைந்தது. மனைவி உள்ளே போய்விட்டாள். அவன் கட்டைவிரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான், கல்லில் தேய்த்தான். வெடிப்புகளுக்குள் நீலம் அப்படியே இருந்தது. செல்போனைக் கட்டிலில் வைத்து அதற்கு எதிரில் உட்கார்ந்தான்.

மச்சானுக்கு அவன் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரு கையெழுத்து.