ஆர்விக்கு ஒரு சிரமமும் இல்லை

ஆர்வி மொய்லனன் பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் என்று எங்கள் ஊர் ஹியெட்டவாராவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் சொன்ன முதல் பொய்யை அவர் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து, அவர் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே கேட்டவள் நான். இரண்டாவது பொய்யை நம்பியும் தொலைத்தேன்.

நான் இர்மேலி. இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறேன். கிழக்கே எல்லையை மூடிய பிறகு அந்தப் பக்கத்துச் சவாரி அடியோடு போய்விட்டது. இப்போது என் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள். ஒவ்வொரு வைத்தியமாக நகரத்துக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள். நான் அவர்களைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருக்கிறேன். முதலில் பல் டாக்டர் போனார். பிறகு எக்ஸ்ரே போனது. கடைசியாக மிஞ்சியது சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு வார்டு. அதில்தான் ஆர்வியின் மனைவி சைமி இருந்தாள்.

சைமிக்கு மறதி நோய். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போனபோது வார்டில் சேர்த்தார்கள். ஆர்விக்குக் கண்பார்வை மங்கி, ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் என்ன, வார்டு பக்கத்துத் தெரு. குளிர்காலத்தில் காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டி, கோடையில் கைத்தடி. மத்தியானக் காபி நேரத்துக்கு ஃபிளாஸ்கும் ஏலக்காய் ரொட்டியுமாக ஆள் ஆஜர். ரொட்டியைக் காபியில் தோய்த்து ஊட்டிவிடுவார். நர்ஸ் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்ளும் சைமி, இவர் கொடுத்தால் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். அவர் பெயர் சில நாள் அவளுக்கு நினைவிருக்கும், சில நாள் இருக்காது. ஆனால் கதவு திறந்ததும், "வந்துட்டியா?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்த வார்டையும் மூடப்போகிறார்கள் என்று இலையுதிர்காலத்தில் பேச்சு அடிபட்டது. தலைநகர் ஹெல்சிங்கியில் சிக்கனம் என்றார்கள். வட்டார நிர்வாகம் பற்றாக்குறையை அடைத்தே ஆக வேண்டும் என்றார்கள். வட்டார மன்றத்தின் கூட்டத்தை நேரலையில் காட்டினார்கள். பெட்ரோல் பங்க் காபிக்கடையில் ஊரே உட்கார்ந்து பார்த்தோம். நாள் முழுக்கப் பேசினார்கள். எல்லாருமே வருத்தப்பட்டார்கள். "மனசு வலிக்குது" என்று சொல்லாத கட்சியே இல்லை. மனசு வலிக்க வலிக்க ஓட்டுப் பொத்தானை அமுக்கினார்கள், வார்டு போயிற்று. கடையில் இருந்தவர்கள் எழுந்து, அவரவர் கோப்பையை அவரவர் கொண்டுபோய்த் தட்டு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கள் ஊர்ப் புரட்சி அவ்வளவுதான்.

வார்டில் இருந்தவர்களை நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்ப முடிவாயிற்று. போக ஒன்றரை மணி நேரம், பனி கொட்டினால் இரண்டு. ஆனால் ஊரிலேயே ஒரு சின்னத் தனியார் முதியோர் விடுதியில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. யாருக்குப் பிரிவு தாங்க முடியாத கஷ்டமோ, அவர்களுக்கு அந்தக் கட்டில். அதை முடிவு செய்ய நிர்வாகத்திலிருந்து யொன்னா என்று ஒரு பெண் வீடு வீடாக வந்து பேசப்போகிறாள் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து ஆர்விக்கு நான் வாத்தியார் ஆனேன். கடைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் காரிலேயே பாடம்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கீங்கன்னு கேப்பா. என்ன சொல்வீங்க?"

"நல்லா இருக்கேன்னு."

"ஐயோ, ஆர்வி! நல்லா இல்லன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க: என்னால முடியல."

"என்னால..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னால முடியல."

"சத்தமா."

"காருக்குள்ள இருக்கற ரெண்டு பேருக்கு எதுக்கு பொண்ணே சத்தம்?"

"சைமி இல்லாம என்னால இருக்க முடியாது. அவளும் நான் இல்லாம சாப்பிட மாட்டா. இதையும் சொல்லுங்க."

"அதெல்லாம் வெளியாள்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்துதான்!"

சிரித்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நாலைந்து தடவை பிசகில்லாமல் சொல்லியும் காட்டினார்.

யொன்னா வருகிற நாளில் நானும் போனேன். கதவைத் திறந்ததுமே என் பாடமெல்லாம் வீண் என்று தெரிந்துவிட்டது. முற்றத்துப் பனியைக் கோடு போட்ட மாதிரி ஒதுக்கியிருந்தார். தரை பளபளத்தது. அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை. மேசையில் விருந்தாளிக் கோப்பைகள், வெள்ளை விரிப்பு. மனிதர் சவரம் செய்து, கோட்டு மாட்டி, டை கட்டியிருந்தார்.

"ஆர்வி, என்ன கூத்து இது? கல்யாண வீடு மாதிரி இருக்கு!"

"வீட்டுக்கு ஆள் வர்றாங்க. பின்ன, குப்பையைப் போட்டு வைக்கச் சொல்றியா?"

ஆமாம், அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றாமல் போயிற்று. நானும் இந்த ஊர்க்காரிதானே.

யொன்னா இளம்பெண். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வந்தாள். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ஆர்வி அவளுக்குக் காபி ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கோப்பை நிறைவதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"ஆர்வி, தனியா எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். சமாளிச்சுக்கறேன்."

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சைமியை நகரத்துக்கு மாத்தினா போய்ப் பார்க்க சிரமமா இருக்குமா?"

"பள்ளிக்கூட நாள்ல பஸ் ஓடுதே."

"கண்ணு?"

"வயசுக்கு ஏத்த மாதிரி தெரியுது."

"சைமிக்கு நீங்க பக்கத்துல இல்லன்னா கஷ்டமா இருக்காதா?"

அவர் விரிப்பின் ஓரத்தை நீவி நேராக்கினார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அங்க கெட்டிக்கார நர்ஸுங்க இருப்பாங்க. ஒரு சிரமமும் இல்ல. ரொட்டி இன்னொண்ணு எடுத்துக்கறியாம்மா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "பொய் சொல்றாரு! இவருக்கு எதிர்ல நிக்கற ஆளோட முகமே தெரியாது. அந்தம்மா இவர் கையால குடுத்தாத்தான் சாப்பிடுவாங்க. பிரிச்சு வெச்சா ரெண்டு பேருமே செத்துருவாங்க!"

"இர்மேலி," என்றார் ஆர்வி. குரல் உயரவில்லை. "இது எங்க வீட்டு விஷயம்."

யொன்னா கிளம்பியதும் பின்னாலேயே ஓடி அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் புரியுதுக்கா," என்றாள். "ஆனா அவர் சொல்றதைத்தான் நான் பதிவு பண்ண முடியும். இதுக்கு முன்னாடி போன வீட்டுல ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் யாருக்குக் குடுக்க? இருக்கறது ஒரு கட்டில்." பிறகு கார்ச்சாவியைப் பார்த்தபடியே, "வசந்த காலத்தோட என் வேலையும் போகுது," என்றாள். அவளையும் திட்ட முடியாமல் போயிற்று.

திரும்பி உள்ளே போய் ஆர்வியைத்தான் திட்டினேன். "உங்க வீடு தீப்பிடிச்சு எரிஞ்சாலும் தீயணைப்புக்காரனுக்கு எதுக்குச் சிரமம்னு சும்மா உக்காந்திருப்பீங்க!" அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் பொண்ணே. நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு நேருக்கு நேரா உக்காந்து கேக்குது. வெக்கமாப் போச்சு." குழாயை மூடினார். "என்னைவிடக் கஷ்டப்படறவங்க யாராவது இருப்பாங்க."

கட்டில் அழுதவருக்குப் போனது. அவருக்கும் அது தேவைதான். ஆனால் எனக்கு இன்று வரை அவரைக் கண்டால் வயிறு எரிகிறது.

உறைபனிக் காலத்தில் ஒரு நாள் சைமியைக் கொண்டுபோனார்கள். நோயாளி வண்டியில் துணைக்கு இடமில்லை என்றார்கள். ஆர்வி சரி என்றார். சைமியின் போர்வையைக் கால்பக்கம் செருகிவிட்டு, வண்டி திரும்புகிற வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிரில் காது என்னத்துக்கு ஆகும்! நான் ஹார்ன் அடித்துத்தான் தொப்பியைப் போட வைத்தேன்.

அதன் பிறகு எப்போது கேட்டாலும், "போன வாரம் பஸ்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். நல்லா இருக்கா. சாப்பிடறா" என்பார். "நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றால், "உனக்கு நோயாளிங்க இருக்காங்க" என்பார். நம்பினேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஆயிற்றே! கட்டில் போனாலும் ஏதோ வாரம் ஒரு தரமாவது பார்க்கிறாரே என்று நிம்மதிகூடப் பட்டேன். இதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பனி இளகிச் சேறாகிக்கொண்டிருந்த சமயம், பெட்ரோல் பங்கில் பஸ் ஓட்டுகிற ஹன்னு என்னிடம் கேட்டான். "அந்த மொய்லனன் தாத்தாவுக்கு உடம்பு சரியாயிடுச்சா?"

"ஏன், அவருக்கு என்ன?"

"ஒரே ஒரு தடவைதான் நகரத்துக்கு வந்தாரு. பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விட்டேன். மத்தியானம் திரும்பக் கிளம்பறப்போ அதே பெஞ்சுல உக்காந்திருக்காரு, மடியில ஃபிளாஸ்க். இல்லத்துக்குப் போற பஸ் எதுன்னு பலகையைப் படிக்க முடியலன்னு நெனக்கிறேன். யாரையாவது கேட்டீங்களான்னா, எல்லாரும் அவசரமாப் போறாங்கன்னு சொல்றாரு. அப்புறம் வரவே இல்ல."

நான் காபியை அப்படியே வைத்துவிட்டு ஆர்வி வீட்டுக்குப் போனேன். இந்த முறை திட்டவில்லை. "கோட்டை மாட்டுங்க" என்றேன். என் குரலிலேயே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கோட்டை மாட்டினார். டையும் கட்டிக்கொண்டார். நகரம் நெருங்கும்போது, "மெலிஞ்சிருப்பாளோ?" என்று கேட்டார்.

மெலிந்துதான் இருந்தாள். சக்கர நாற்காலியில், ஜன்னலோரம். அறை சுத்தமாக, வெளிச்சமாக, எந்தக் குறையும் சொல்ல முடியாததாக இருந்தது. ஆர்வி கதவைத் திறந்துகொண்டு நின்றார். எதைக் கேட்பதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சைமி எங்களை மரியாதையாகப் பார்த்தாள். கையை நீட்டினாள். "வாங்க. ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்களா?"

ஆர்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "சைமி, நான் ஆர்வி."

"ஆர்வியைப் பத்தித்தான் உங்ககிட்ட கேக்கணும்," என்று அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க இருக்கற பொண்ணுங்க நல்லவங்கதான், ஆனா சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க வயசானவரு, உங்களுக்குத் தெரியும். என்கிட்ட மறைக்க வேண்டாம். அவரு செத்துட்டாரு, இல்லையா?"

ஆர்வி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இருக்காரு," என்றார். "சாகல."

"சும்மா சொல்லாதீங்க. உயிரோட இருந்தா என்னைப் பார்க்க வராம இருக்க மாட்டாரு."

"வந்தாரு. பாதி வழி வந்தாரு." ஆர்வியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது; துடைக்கவில்லை. "அவருக்குக் கண்ணு தெரியலம்மா. யாரையும் வழி கேக்கவும் தெரியல. அப்படியே திரும்பிட்டாரு."

சைமி அதை யோசித்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அவரு அப்படித்தான். யார்கிட்டயும் கேக்க மாட்டாரு." அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அழாதீங்க. எப்ப வருவாரு?"

ஆர்வி என் பக்கம் திரும்பினார். அந்தக் கலங்கிய கண்ணுக்கு நான் ஒரு நிழலாகத்தான் தெரிந்திருப்பேன்.

"நாளைக்கு," என்றேன் நான்.

"நாளைக்கேவா!" சைமி பரபரத்தாள். அலமாரியில் தொங்கிய நீலக் கம்பளிச் சட்டையைக் காட்டினாள். ஆர்வி எடுத்து வந்தார். இன்றே போட்டுக்கொள்கிறேன், நாளைக்கு மறந்துபோனாலும் போகும் என்றாள். விரல் ஒத்துழைக்கவில்லை. "கொஞ்சம் பொத்தான் போட்டு விடறீங்களா? வீட்டுக்காரர் வர்றப்போ ஒழுங்கா இருக்கணும்."

ஆர்வி தரையில் மண்டியிட்டார். ஒவ்வொரு பொத்தானையும் விரலால் தேடித் தேடிப் போட்டார். கழுத்துப் பொத்தான் வரை போட்டு முடித்தபோது சைமி சட்டையை நீவிக்கொண்டு, கதவு பக்கமாகச் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி," என்றாள் அவரிடம். "நீங்க கிளம்பலாம். நான் அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."