நால்வரை ஒருத்தியாக்கினேன்

மாங் கிளேத்தோ எழுதிய பதினோரு நாவல்களில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எண்ணிச் சொன்னது நான். இருபது பேர் போதும் என்றது டைரக்டர் ராமில். கடல் விழுங்கிய நம் தீவுகளிலிருந்து தப்பியவர்கள் ஒரு கப்பலில் ஏறி, நூற்றெண்பது வருடம் விண்வெளியில் போகிற கதை. அதை மூன்று படங்களாகச் சுருக்கும் வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

கேஸோன் சிட்டியில் ரொட்டிக் கடைக்கு மேலே எங்கள் அறை. சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள், ஒரு பாத்திரத்துக்கு ஒரு சீட்டு. காலையில் சூடான பாண்டேசால் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றபடி இன்றைக்கு யாரைக் கொல்லலாம் என்று பேசுவோம். கொல்வது என்றால் சீட்டைக் கிழிப்பது. நான் அதில் கெட்டிக்காரி. மூன்று போர்களை ஒரே போராக்கினேன். இரண்டு மாமாக்களை ஒரு மாமாவாக்கினேன். அது யாருக்கும் தெரியக்கூட இல்லை.

மாங் என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கும் மரியாதை. கிளேத்தோ முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர். மாதம் இருமுறை லெமெரியிலிருந்து பஸ் பிடித்து வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். எதை வெட்டினாலும் தலையாட்டுவார். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

மூன்றாம் நாவலில் விண்கற்கள் கப்பலின் வெளிச்சுவரைக் கிழித்துவிடும். நான்கு பெண்கள் முறைவைத்து வெளியே போய் வெல்டிங் வைப்பார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒருத்தியும் வெளியே இருப்பதில்லை. இருநூறு பக்கம் ஓடுகிற விஷயம். நான் மூன்று சீட்டுகளைக் கிழித்துவிட்டு சலூத் என்பவளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"மத்த மூணு பேரு எங்கம்மா?" என்றார் அவர்.

"சலூத்துக்குள்ள போயிட்டாங்க, மாங் கிளேத்தோ. நாலு பேர் வேலையையும் அவளே பாப்பா. ஜனங்களுக்கு ஒரு மூஞ்சிதான் மனசுல நிக்கும்."

"நாலு ஆள் வேலைய ஒருத்தி பாத்தா செத்துப் போவாளே."

"சினிமால சாகமாட்டா."

"கப்பல்ல இருந்த மனுஷன்ல, எங்க போனாலும் ஷிஃப்ட் கேக்கறாரு," என்று ராமில் சிரித்தான். நானும் சிரித்தேன். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

சலூத்தாக நடிக்க வந்தவர் தெல்ஃபினா. ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக டிவி தொடர்களில் கொடுமைக்கார மாமியார். சந்தையில் மீன் விற்கிறவள்கூட அவரைத் திட்டிவிட்டுத்தான் மீனை நிறுப்பாள். நாங்கள் ஆத்தே தெல்ஃபி என்போம், அக்கா முறை வைத்து. முதல் நாள் என் கன்னத்தைக் கிள்ளினார்.

"மருமகளுங்கள அறைஞ்சு அறைஞ்சே என் கை தேஞ்சு போச்சுடி. நீதான் அந்தக் கையில வெல்டிங் மெஷினக் குடுத்திருக்கே. நல்லா இரு."

புலகானில் மூடிக்கிடந்த செருப்புத் தொழிற்சாலையில் செட் போட்டிருந்தார்கள். தகரக் கூரை, மே மாதம். விண்வெளி உடை ரப்பரும் ஃபைபரும்; பதினெட்டுக் கிலோ. கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகும் என்பதால் இடையில் தலைக்கவசத்தை மட்டும் எடுப்பார்கள். நான் சீட்டுகளைக் கிழித்ததால் வெளிச்சுவரில் நடக்கும் பதினான்கு காட்சிகளும் தெல்ஃபினாவுக்கே வந்துவிட்டன. நான்கு பேர் இருந்திருந்தால் மூன்று பேர் மின்விசிறி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

நான்காம் நாள் மதியம் ஒரு வசனத்தை மாற்ற என்னை வரச்சொன்னார்கள். விண்வெளியில் மிதப்பதுபோல் தெரிய தெல்ஃபினா கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறி, உறிஞ்சு குழாய் போட்டுத் தண்ணீர் நீட்டினேன்.

"வேணாம்டி. குடிச்சா ஒண்ணுக்கு வரும். கழட்டினா அரை மணி நேரம் போச்சும்பாங்க." முகம் சிவந்திருந்தது. "நாலு பொம்பளைய எனக்குள்ள அடைச்சிருக்கியாமே? அதான் இந்தக் கனம் கனக்குது."

நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த ஷாட்டில் அவர் கடைசி வெல்டிங்கை முடித்துத் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினார். பிறகு உடம்பு மெல்லத் துவண்டது. "கட் பண்ணாத," என்று ராமில் கிசுகிசுத்தான். "என்னமா பண்றாங்க பாரு." எங்கள் எல்லோருக்கும் அது நடிப்பாகத்தான் தெரிந்தது. எனக்குப் புல்லரித்தது. நாற்பது நொடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். இறக்கித் தலைக்கவசத்தை எடுத்தபோது முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தோல் அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

இதயக் கோளாறு என்று கம்பெனி அறிக்கை விட்டது. யூனிட்டில் இருந்த எல்லோரிடமும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வாரம் கழித்து ராமில் என்னைக் கூப்பிட்டான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"ரோவேனா, சலூத் அங்கயே செத்துப்போறதா மாத்திடு. முன்னால ஒரு சீன், பின்னால ஒரு சீன். அந்த டேக்க வெச்சுக்கலாம்."

"அஞ்சாவது நாவல் வரைக்கும் உயிரோட இருக்கறவ அவ."

"தெரியும்."

"அது நடிப்பில்ல, ராமில்."

"அதுவும் தெரியும்," என்றான். "அவங்க செஞ்சதுலயே அதுதான் பெருசு. தூக்கிப் போடச் சொல்றியா?"

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன். ஒரே காலையில் முடிந்துவிட்டது. நன்றாகவும் வந்திருந்தது. திருப்பிப் படித்தபோது ஒரு இடத்தில் நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே என் மேலேயே அருவருப்பாக இருந்தது. தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு லெமெரிக்குப் பஸ் ஏறினேன்.

மாங் கிளேத்தோ வாசலில் நின்றபடியே படித்தார்.

"தெல்ஃபினா எவ்வளவு நேரம் அந்த உடைக்குள்ள இருந்தா?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"கழட்டாமயா?"

"கழட்டாம."

தாள்களை என்னிடம் நீட்டினார். "உரிமையை எழுதிக் குடுத்துட்டேன், என்னால எதையும் நிறுத்த முடியாது. அன்னிக்கே சண்டை போட்டிருக்கணும். உங்களோட சேந்து சிரிச்சேனே." உள்ளே போய்விட்டார். காப்பி எடுத்துவரப் போனார் என்று நினைத்தேன். வரவேயில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் தெல்ஃபினாவின் மகள் ஜோனலினைத் தேடிப் போனேன். மாலோலோஸில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். உடை, தண்ணீர், நேரம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு பேர ஒருத்தியாக்கினது நீங்கதானா?"

"ஆமா."

"அம்மா உங்க எழுத்துன்னா உயிரையே விடுவா..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இத எங்க போய்ச் சொல்லணும்? நடங்க."

தொழிலாளர் அலுவலகத்தில் நானும் அவளும் ஏழு தடவை ஏறி இறங்கினோம். படப்பிடிப்பு அட்டவணையையும் என் திரைக்கதையையும் கொடுத்தேன். யூனிட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, கம்பெனிக்கு ஒரு சின்ன அபராதத்தோடு முடித்துவிட்டார்கள். என்னை அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. இப்போது சோப்புக்கும் இருமல் மருந்துக்கும் ரேடியோ விளம்பரம் எழுதுகிறேன்.

நான் எழுதியதை நான் கொடுக்கவில்லை; சலூத்தின் சாவை வேறு ஒருவர் எழுதினார். படம் வந்தது. நன்றாகவே ஓடியது.

"தனியா பாக்க முடியாது, வாங்க," என்று ஜோனலின் கூப்பிட்டாள். மால் தியேட்டரில் மதியக் காட்சி. அந்த இடம் வந்ததும் பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். ஜோனலின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுதானா?"

"இதுதான்."

பெரிய திரையில்தான் அதைக் கவனித்தேன். துவள்வதற்கு முன் தெல்ஃபினாவின் வலது கை கொஞ்சம் உயர்கிறது. விரல்கள் விரிகின்றன. கூரைக்குக் கீழே நாங்கள் முப்பது பேர் நின்ற பக்கமாக அந்தக் கை நீள்கிறது. தியேட்டரில் சிலர் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் ஜோனலின் கேட்டாள். "அம்மா கையத் தூக்கினாளே, அது நீங்க எழுதினதா?"

"இல்ல. நான் எழுதல."

தலையசைத்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஜீப்னி வண்டி வரும்வரை இரண்டு பேரும் வெயிலில் நின்றோம்.