மாமாவின் வெள்ளி மரம்

மரப் பராமரிப்பு மாலை வகுப்பில் இந்த வாரம் கொடுத்த வேலை சின்னதுதான். வெளியே போட்ட மரத்தளத்தைக் கழுவி எண்ணெய் பூசுவதற்கு முன், யார் கண்ணிலும் படாத ஓரமாக ஒரு சாண் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் தங்கியிருக்கும் அத்தை வீட்டின் பின்பக்கத்தில் அப்படி ஒரு தளம் இருக்கிறது. மூலையில் ஒரு சாண் அளந்தேன். என் சாண் சிறியதோ என்று சந்தேகம் வர, மறுபடியும் அளந்தேன்.

சோப்புத் தண்ணீர் ஊற்றி, மர இழை ஓடும் திசையில் தேய்த்தேன். கறுப்பாக நுரை வந்தது. அலசியதும் சாம்பல் நிறத்துக்கு நடுவே பளீரென்று மஞ்சள்.

இந்தத் தளம் அபூர்வமான வெள்ளி மரம் என்று பத்து வருடமாக மாமா தெருவுக்கே சொல்லி வருகிறார். அடுத்த வீட்டுப் பல் டாக்டரோ, "எங்க வீட்டுதும் வெள்ளி மரம்தான்" என்று நேற்று வேலிக்கு மேலே எட்டிச் சொல்லிவிட்டார். எது அசல் என்று காட்ட, அவரை இன்று ஐந்து மணிக்கு மாமா வரச் சொல்லியிருக்கிறார்.

மணி நாலரை. பூந்தொட்டி மண்ணைக் குழைத்து அப்பினேன், பழுப்பானது. கழுவிவிட்டுப் பென்சிலால் தீட்டினேன். பதினோராவது கோட்டில் முனை ஒடிந்தது.

"என்னடி, தரைக்கு மை வைக்கிற?" அத்தை பின்னால் நின்றாள்.

வெள்ளி நிறம் வெறும் அழுக்கு என்று சொன்னேன்.

"அழுக்கா? 'வெள்ளி, கை வைக்காதே'ன்னு பத்து வருஷமா என்னைத் துடைக்கவே விடலையேடி அந்த மனுஷன்!" என்றவள், வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டதும் மஞ்சள் இடத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

மாமா டாக்டரோடு வந்தார். "காபி கொண்டு வாயேன்."

"கால் பிடிச்சுக்கிச்சு. நகர முடியல."

"ஐயையோ!" மாமா பதறிப்போய் அத்தையைக் கைத்தாங்கலாக நகர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார்.

டாக்டர் அந்த மூலையையே பார்த்தார். குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்து அடித்தார். நகத்தால் சுரண்டினார்.

"எத்தனை வருஷமா தேய்க்கல?"

"எதை?"

"இது வெள்ளி இல்ல சார். பல்லுல காரை படியுமே, அந்த மாதிரி. உள்ள சாதா மரம்தான்."

மாமாவின் முகம் செத்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ உங்க வீட்டுது?"

டார்ச் அணைந்தது. "க்ளினிக்ல ஒரு பேஷன்ட் காத்திருக்காரு" என்று டாக்டர் கிட்டத்தட்ட ஓடினார்.

இரண்டு நிமிடம் ஆகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பரபரவென்று தேய்க்கும் சத்தம்.

மாமாவுக்கு உயிர் வந்தது. "மருமகளே, பிரஷ் எங்க? தெருவிலேயே முதல் மஞ்சள் மரம் நம்மளுதாத்தான் இருக்கணும்!"

நல்ல சட்டையோடு மண்டி போட்டார்.

"குறுக்கத் தேய்க்காதீங்க மாமா, இழையோட போகணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் எத்தனை பலகை முடிச்சிருக்காரு? எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தேன். "ஒண்ணுதான் மாமா. டூத் பிரஷ்ல தேய்க்கிறாரு."

மாமாவின் கை நின்றது.

"டூத் பிரஷ்லயா? இடுக்கெல்லாம் சுத்தமாயிடுமேடி! ஓடு, என்னோடதை எடுத்துட்டு வா!"