ரேடியோவைக் கூட்டியவன்

ஐஸ் அக்கா கம்ப்ரசரைக் கழற்றித் தட்டின் மேல் கவிழ்த்தாள். கார் ஏசி வேலை மட்டுமே பார்ப்பதால் பட்டறைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. உள்ளே இருந்து வழிந்த எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது. அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. எட்டிப் பார்த்த டிரைவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

காலையில் நடந்ததை நினைத்தாலே அவனுக்குச் சிரிப்பு முட்டியது. முதலாளியின் வாழ்க்கையிலேயே பெரிய வியாபாரக் கூட்டம் இன்றைக்குத்தான். கோட்டும் டையுமாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாதி வழியில் கருகிய நாற்றம் வந்தது, ஏசி செத்தது. கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் வேக்காடு. போய் இறங்கும்போது மனிதர் அவித்தெடுத்த மாதிரி இருந்தார்.

வேகட்டும். நன்றாக வேகட்டும்.

ஆறு மாதத்துக்கு முன் டிரைவரின் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். தையல் பிரிக்கும் முன்பே, மருந்துச் சீட்டை அவனிடம் கொடுக்க ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அனல் பறக்கிற வெயில். பார்க்கச் சகிக்காமல் காரில் உட்கார வைத்தான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, முதலாளி இறங்கி வந்துவிட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்வரை கதவருகிலேயே நின்றார். பிறகு, சீட்டைச் சோப்புப் போட்டுத் துடைக்கச் சொன்னார். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் துடைத்தான். துடைத்தானே, அதுதான் அவனால் செரிக்க முடியாதது.

போன மாதம் பானட்டுக்குள்ளிருந்து முதல் முனகல் கேட்டது. ஏசி போட்டால் முனகியது, அணைத்தால் அடங்கியது. அன்றே பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தால் சின்ன வேலையோடு போயிருக்கும். முதலாளியின் காதில் எந்நேரமும் போன். டிரைவர் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். முனகல் கரகரவென்று ஆனது. இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

"கம்ப்ரசரை மட்டும் மாத்திக் குடும்மா, போதும்," என்றார் கூட்டம் முடிந்து காரோடு பட்டறைக்கே வந்திருந்த முதலாளி, கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

"மாத்தலாம் சார். பத்து நாள்ல புதுசும் இப்படியே போயிடும். அரைச்ச தூளு பைப்பு பைப்பா ஓடியிருக்கு. முன்னாடி இருக்கிற கண்டென்சரக் கழுவி எடுக்க முடியாது, புதுசுதான் போடணும். ட்ரையர் புதுசு. வால்வு புதுசு. பைப்பெல்லாம் மருந்து விட்டுக் கழுவணும். உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டுத்தான் கேஸ் ஏத்தணும். மூணு நாளாகும்."

ஒவ்வொரு 'புதுசு'க்கும் முதலாளியின் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. டிரைவர் குனிந்து செருப்பைச் சரி செய்கிற சாக்கில் சிரித்துக்கொண்டான்.

"இது இன்னிக்குத் திடீர்னு போனதில்ல சார்," என்றாள் ஐஸ் அக்கா. "ஒரு மாசமாவது கத்தியிருக்கும். ஓட்டுற அண்ணனுக்குக் கேக்காம இருக்காதே?"

டிரைவர் தலையை நிமிர்த்தினான். ரேடியோ, சந்தடி என்று இரண்டு பொய் தயாராகத்தான் வைத்திருந்தான். வாய் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"இவனுக்கா? தலையில இடி விழுந்தாக்கூட இவனுக்குத் தெரியாதும்மா. சுத்த மக்கு. இவனக் கேட்டு என்ன ஆகப்போகுது, விடு."

தப்பித்தான். இத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் நிலைக்கும், வாடகையும் தவறாது. ஆனால் அவனுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. முப்பது நாள் பொத்திப் பொத்தி வளர்த்த பழி! அதை மக்குத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாரே இந்த ஆள்!

"கேட்டுச்சுங்க," என்றான்.

"என்னது?"

"முதல் நாளே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு ரேடியோவைக் கூட்டினேன். நீங்க வேகணும்னுதான் விட்டேன்."

முதலாளி கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினார். "உனக்கு நான் என்னடா பாவம் பண்ணேன்?"

"தையல் போட்ட வயித்தோட என் பொண்டாட்டி உக்காந்த சீட்டை, அவ கண்ணு முன்னாடியே துடைக்கச் சொன்னீங்க."

முதலாளி என்னென்னவோ கத்தினார். போலீஸ் என்றார், நன்றி கெட்டவன் என்றார். டிரைவர் கார்ச் சாவியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தான். ஐஸ் அக்கா தலை நிமிராமல் அடுத்த போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் நின்று மனைவிக்குப் போன் போட்டான். வேலை போனதைச் சொன்னான். போன கதையையும் ஒன்று விடாமல் சொன்னான். வாடகைக்கு என்ன செய்வதென்று திட்டப்போகிறாள் என்று காதைத் தயார் செய்துகொண்டான்.

"ஒரு மாசமாவா?" என்றாள்.

"ஆமா."

"என்ன மனுஷங்க நீங்க! அன்னையிலேர்ந்து நான் தூக்கம் வராம எப்படிப் புரண்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? முதல் நாளே எங்கிட்டச் சொல்லியிருந்தா, இந்த ஒரு மாசமும் நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல!"