சஹனின் நாலாவது பக்கம்

"மத்தியானமும் சாப்பிடலேன்னா, சாயங்காலம் மூக்கு வழியா ட்யூப் போட்டுடலாம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து நசீராவுக்குக் கை கால் ஓடவில்லை.

மகள் ஹஃப்ஸாவுக்கு ஆட்டிசம், பேச்சு கிடையாது. தூங்காமல் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறாள் என்று மன்னார்புரம் பக்கம் ஒரு மருத்துவமனையில், குழந்தைகளுக்கான மனநல வார்டில் சேர்த்திருந்தார்கள். இங்கே மோதல் நின்றது. கூடவே சாப்பாடும் நின்றுவிட்டது. குழித்தட்டை எதிரே வைத்தால் போதும், கவிழ்த்துவிடுவாள்.

பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த உப்பிலியபுரத்து வெள்ளையம்மாள் கேட்டாள்.

"வீட்டுல புள்ளை எப்படித்தான் சாப்பிடும்?"

"சஹன்லதான்க்கா."

"அது என்னாது?"

"பெரிய தாம்பாளம்க்கா. ஒரே சஹன்ல சோறு, நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். அவ, நான், அவ அத்தா, மாமி."

"இதை நர்ஸுகிட்ட சொன்னியா?"

"சேர்க்கிறப்ப கேட்டாங்க. எல்லாரையும் மாதிரிதான் சாப்பிடுவான்னு சொன்னேன்."

"அடி கூறுகெட்டவளே! உங்க வீட்டு எல்லாரும்தான் உலகத்துல எல்லாருமா?"

அடுத்த கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் லிசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுக்குப் போன் போட்டு சஹனைக் கொண்டு வரச் சொல்லுங்கக்கா, சீக்கிரம்!"

பாலக்கரை வீட்டிலிருந்து ஹஃப்ஸாவின் அப்பா ஜமால் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். பார்க்க வரும் ஆண்களுக்கு வார்டுக்குள் அனுமதியில்லை. நெய்ச்சோறும் தால்ச்சாவும் துணி சுற்றிய சஹனும் மட்டும் உள்ளே வந்தன.

தரையில் விரிப்பு போட்டு நசீரா, ஹஃப்ஸா, வெள்ளையம்மாள் மூவரும் உட்கார்ந்தார்கள். நசீரா பிஸ்மில்லா சொன்னாள். ஹஃப்ஸா சோற்றையே பார்த்தாள். கை நீளவில்லை.

அப்போது ஹஃப்ஸா, காலியாக இருந்த நாலாவது பக்கத்துத் தரையை உள்ளங்கையால் பொத் பொத்தென்று தட்டினாள்.

"சிஸ்டர், உங்களைத்தான்!" என்றாள் நசீரா.

"ஐயோ, நான் டூட்டியில இருக்கேன்!"

பொத், பொத்.

லிசி கையைக் கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டாள். அவ்வளவுதான், ஹஃப்ஸாவின் கை சஹனில் இறங்கியது. ஒரு வாய். இன்னொரு வாய். நசீரா அழுதுகொண்டே சிரித்தாள்.

"அழுதுகிட்டே இரு. உன் பங்கையும் உன் மக முடிச்சிடுவா" என்றாள் வெள்ளையம்மாள்.

வாசலில் டாக்டர். "லிசி, டூட்டியா, விருந்தா?"

லிசி வாய் நிறையச் சோற்றோடு விழித்தாள். வெள்ளையம்மாள்தான் பதில் சொன்னாள்: "ட்யூபுக்குப் பதிலா சிஸ்டரைப் போட்டிருக்கோம் சார்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "நல்ல வைத்தியம். ராத்திரி டூட்டி யாரு? அவங்களையும் பசியோட வரச் சொல்லுங்க."

ஹஃப்ஸா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சஹனில் கிடந்த பெரிய உருளைக்கிழங்கை, வீட்டில் அத்தாவுக்குத் தள்ளுவதுபோல, லிசியின் பக்கம் தள்ளினாள்.