ஓரம் வெட்டிய பக்கங்கள்

பதினான்கு வருடம் நான் விக் டான்சரின் பெயரை எழுதினேன். ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும் ஒரு கட்டம். அதற்குள் கொட்டை எழுத்தில் 'கதை: விக் டான்சர்'. கீழே பொடி எழுத்தில் 'ஓவியம்: ஹெர்ஷ் லுபார்ஸ்கி'. காமிக்ஸில் பாத்திரங்கள் பேசுவதை வட்டத்துக்குள் எழுதுவது என் வேலை. ரோசெட்டா மன்குசோ என்று ஒருத்தி இருந்ததே எந்த வாசகனுக்கும் தெரியாது. ஆனால் எனக்கு எல்லாம் தெரியும், ஏனென்றால் எல்லாப் பக்கமும் என் மேசைக்கு வந்துதான் போகும்.

ஹெர்ஷ் பிரூக்ளினில் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து இருபது பக்கத்துக்கும் தானே கதை கட்டி வரைவார். யார் யாரை அடிக்கிறான், ஏன் அடிக்கிறான், என்ன சொல்லி அடிக்கிறான் என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பார். அது மேடிசன் அவென்யூவில் இருந்த எங்கள் ஆபீசுக்கு வந்ததும் ஆசிரியர் விக் அந்தக் குறிப்புகளுக்குக் கொஞ்சம் மெருகேற்றி, நாலு ஜோக் சேர்த்து என்னிடம் தள்ளுவார். அவசரமான மாதங்களில் மெருகும் கிடையாது. ஹெர்ஷ் ஓரத்தில் எழுதியதையே வட்டத்துக்குள் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் காமிக்ஸின் நாயகன் உலைமனிதனும் அப்படி வந்தவன்தான். ஹெர்ஷின் அப்பா பிரவுன்ஸ்வில்லில் ஒரு சலவை ஆலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்த முதுகையும் தோளையும் வைத்து ஹெர்ஷ் ஒரு வீரனை வரைந்தார். 1962இல் முதல் ஐந்து பக்கங்களை அவர் கொண்டுவந்து போட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஹெர்ஷ் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டார். அதற்கும் இரண்டு வருடம் கழித்து உலைமனிதன் சினிமாவாகப் போகிறான் என்று செய்தி வந்தது. விக் டெலிவிஷனில் உட்கார்ந்து, அவனை எப்படிப் படைத்தேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். ஹெர்ஷ் தன் பக்கங்களைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். குறிப்புகள் அதில்தானே இருந்தன.

ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு பெட்டி வந்தது. உடனே வரச்சொல்லி எனக்குப் போன் செய்தார். நான் போனபோது சமையலறை மேசை, நாற்காலி, அடுப்பு மேடை எல்லாவற்றிலும் பக்கங்கள். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஓரம் எங்க, ரோ?"

நாலு ஓரத்தையும் கட்டரால் நேராக வெட்டியிருந்தார்கள். படத்துக்கு ஒரு கீறல் இல்லை. பென்சில் எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. நானூறு பக்கம். யாரோ ஒரு ஆள் நின்று நிதானமாக நானூறு தடவை வெட்டியிருக்கிறான். ஹெர்ஷ் கத்தவில்லை. அடுத்த மாதம் ஒரு ஓட்டலில் நடக்கும் காமிக்ஸ் மாநாட்டில் விக் பேசப்போகிறாராம், தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போவாயா என்று மட்டும் கேட்டார்.

மாநாட்டு மண்டபத்தில் உட்கார இடமில்லை. விக் மேடையில் வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு, ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது உலைமனிதன் முழுசாகத் தன் மனதில் வந்து நின்றான் என்றார். கூட்டம் சிரித்தது. கேள்வி நேரத்தில் ஹெர்ஷ் எழுந்தார். அறுபது வயது மனிதருக்குக் குரல் பிசிறியது. "விக், அந்தக் கதையை எழுதினது யாரு?"

விக் இரண்டு கையையும் விரித்தார். "நண்பர்களே, ஹெர்ஷ் லுபார்ஸ்கி வந்திருக்கார். என் மனசுல இருந்ததைக் காகிதத்துல கொண்டுவந்த கை இவரோடது. எழுந்து நின்னு தட்டுங்க."

மண்டபமே எழுந்து தட்டியது. ஹெர்ஷ் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கை தட்டியே ஒரு மனிதனின் வாயை அடைக்கலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் மைக்குக்கு நடந்தேன். பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஹெர்ஷ் ஓரத்தில் எழுதியதைத்தான் பன்னிரண்டு வருடமாக நீங்கள் படித்தீர்கள், அதை எழுத்தாக்கியவள் நான் என்று சொன்னேன். விக் சிரித்த முகம் மாறாமல் பார்த்தார்.

"ரோ, கண்ணு, நீ எழுத்துப் போட்டவ. கதை எங்கேருந்து வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஓரத்துலேருந்து வந்துது. அதைத்தான் உங்க கம்பெனி வெட்டிடுச்சு" என்றேன். "முதல் அஞ்சு பக்கத்தைப் பாத்துட்டு நீங்க என்ன கேட்டீங்க? 'யாருய்யா இந்தக் கரிக்காரன்?'னு கேட்டீங்க. குளிக்கிறப்போ முழுசா வந்து நின்னவனை உங்களுக்கே அடையாளம் தெரியலையா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் என்னை உட்காரச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். விக் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே ஏழாவது அவென்யூவில் வெயில் கொளுத்தியது. ஹெர்ஷ் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பதினாலு வருஷம். இப்பத்தான் உனக்கு வாய் இருக்குன்னு ஞாபகம் வந்துதா?"

எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. இந்நேரம் என் வேலை போயிருக்கும், உங்கள் பக்கம் நின்றதற்கா இது என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் தனியாகவே ரயிலுக்குப் போனார்.

திங்கட்கிழமை முதல் எனக்குப் பக்கம் வரவில்லை. கடைகளுக்கு விலைப்பலகை எழுதிப் பிழைத்தேன். தெரிந்ததையெல்லாம் ஹெர்ஷின் வக்கீல் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். இளம் ஓவியர்கள் நூற்றுக்கு மேல் ஹெர்ஷுக்காக ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரிகைகள் விசாரிக்க ஆரம்பித்ததும் கம்பெனி இறங்கிவந்து, சினிமாவில் 'ஓவியம்: ஹெர்ஷ் லுபார்ஸ்கி' என்று போடுகிறோம் என்றது. ஹெர்ஷ் முடியாது என்றார். அன்றுதான் என்னுடன் மறுபடி பேசினார். "நான் வரையலைன்னு எவன் சொன்னான், ரோ? உண்டாக்கினேன்னு போடச் சொல்லு."

போடவில்லை. படம் வந்தது, ஓடியது. 1984இல் ஹெர்ஷ் இறந்துபோனார். விக்கிடமிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. ஹெர்ஷின் மகள் மிரியம் அதைப் பிரிக்காமலே வாசலில் குப்பையோடு வைத்தாள்.

மிரியம் விடவில்லை. ஏழு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தாள். கடைசியில் கம்பெனி தலையசைத்தது: 'உருவாக்கியவர்கள்: விக் டான்சர், ஹெர்ஷ் லுபார்ஸ்கி'. அகர வரிசைப்படி டான்சர் முதலில் வருகிறாராம். அன்று சாயங்காலமே விக் டெலிவிஷனில், நான் எப்போதும் அப்படித்தான் சொல்லிவந்தேன் என்றார்.

ஒரு நிருபர் எனக்குப் போன் செய்து சந்தோஷமா என்று கேட்டான். செத்துப்போனவருக்கு மரியாதை செய்ய அவர்களுக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அரைமணி நேரம் கத்தினேன். மறுநாள் பேப்பரில் வந்திருந்தது: 'முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் மகிழ்ச்சி தெரிவித்தார்.'

காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அந்தப் பேப்பரின் ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லி, என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். நான் மகிழவில்லை என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் எழுதி முடித்துத் திரும்பப் படித்துக் காட்டும்வரை போனை வைக்கவில்லை.