நாற்பது தையல் மெஷின்கள்

முதல் பெட்டியைத் தராசில் ஏற்றியதும் அத்தான் நெற்றியைச் சுருக்கினார். வைத்த கல் போதவில்லை. இன்னொரு கல் வைத்தார். தட்டு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. பெட்டியின் மேல் 'தையல் மெஷின்' என்று எழுதியிருந்தது. அப்படி நாற்பது பெட்டிகள்.

அத்தான் துறைமுகச் சுங்கத்தில் எடை பார்ப்பவர், என் அக்கா புருஷன். மாடியில் உரிமச் சீட்டு எழுதும் குமாஸ்தா நான். ஆள் அனுப்பி என்னைக் கீழே வரவழைத்தார்.

"மாப்ளே, உங்கக்கா மெஷின ஒத்த ஆளா மாடிக்குத் தூக்கினவன் நான். இத நாலு பேரு முக்கி முக்கி வண்டியிலேர்ந்து இறக்கியிருக்காங்க. இரும்புச் சட்டை தைக்கப் போறாங்களா?"

கடலுக்கு அக்கரையில், தோட்டங்களில் கூலிக்காரர்கள் வேலையை நிறுத்தியிருந்த வருஷம் அது. ஆயுதம் எதுவும் அரசாங்க உரிமமில்லாமல் துறைமுகத்தைத் தாண்டக்கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அதைக் காட்டி மீன்பிடிப் படகுகளின் அடிப்பலகையைக்கூடப் பெயர்த்துப் பார்த்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிச் சரக்கை மட்டும் யாரும் தொடுவதில்லை. இந்த நாற்பதும் கம்பெனிச் சரக்கு, அந்த அக்கரைத் தோட்டங்களுக்குப் போவது.

கம்பெனி மேனேஜர் வந்து கத்தினார். எங்கள் சுங்கத் துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, முத்திரையைக் குத்தச் சொன்னார். அத்தான் முத்திரைக் கட்டையை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"மாப்ளே, சட்டத்த வாசி."

"அத்தான், பொழப்புல மண்ணப் போட்டுக்காதீங்க" என்று முணுமுணுத்தேன்.

"வாசிடா."

வாசித்தேன். 'எந்தக் கப்பலாயினும், எவருடைய சரக்காயினும்' என்ற இடத்தில் அத்தான் கையை உயர்த்தினார். "எவருடைய சரக்காயினும். அவ்வளவுதான் தொரை நான் கேக்கறது." குரலில் பணிவு குறையவில்லை, ஆனால் ஆள் நகரவுமில்லை. படகுக்காரர்கள் வேறு கூடி நின்று பார்த்தார்கள். துரைக்கு வேறு வழியில்லை. பெட்டியைப் பிளந்தார்கள். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய துப்பாக்கிகள்.

அன்று வீட்டில் அக்கா சோற்றைப் போட்டுவிட்டு, "வேலை போச்சுன்னா?" என்றாள்.

"உன் மெஷின் இருக்கே, நான் பித்தான் தைக்கிறேன்" என்றார் அத்தான். அக்கா சிரிக்கவில்லை. ஆனாலும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

நாலாம் நாள் மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்தது, கம்பெனிக்கு உரிமம் கொடு என்று. என் கையாலேயே எழுதினேன்: துப்பாக்கி, நானூறு. அத்தானைத் தராசிலிருந்து உப்புக் கிடங்குக்கு மாற்றிய உத்தரவும் அதே உறையில் இருந்தது. மறுநாள் முதல் அங்கே.

அவர் அதைப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நான்தானே எடைக்காரன்? பெட்டிமேல உள்ள பேரும் உரிமத்துல உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும். அதுவும் சட்டம்தான். சுண்ணாம்புச் சட்டி எங்க?"

நாற்பது பெட்டிகளிலும் பழைய எழுத்தை அழித்து, வெள்ளையாக, முழ உயரத்துக்கு, அவரே எழுதினார்: துப்பாக்கி.

மதியம் சுமைகாரர்கள் வந்தார்கள். பாதிப்பேருக்கு அண்ணனோ மகனோ அக்கரைத் தோட்டத்தில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் பெட்டியருகே நின்று சத்தமாக எழுத்துக்கூட்டினான். முன்னால் நின்ற கிழவர் தலைச்சும்மாட்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு தலையிலிருந்தும் துணி அவிழ்ந்தது. கப்பல் ஊதியது. யாரும் குனியவில்லை.